யாகோப்பு மாஸ்டரின்ரை மடக்கு மேசை

பிள்ளை, உதிலை கை வையாதேங்கோ, அந்தோனியார் விழுந்திடுவார். ஏற்கெனவே ஒருக்கா விழுந்து கழுத்துப் போய், என்ரை மனிசன் கிறகோரி பிசின் போட்டு ஒட்டினவர். அதாலைதான் ஆள் கையிலை கிடக்கிற பாலனைப் பாக்காமல் யன்னலாலை றோட்டைப் பாத்துக்கொண்டு நிக்கிறார். முதல்லை இருங்கோ. ஐயோ, அந்தக் கதிரை இல்லை, அதுக்கு ஒரு கால் பேருக்குத்தான். இந்தா, இதிலை இருங்கோ. கிளாலியிலை வள்ளத்திலை நனைஞ்சு, லொறியிலை குலுங்கி, பட்ட பாடு முகத்திலை தெரியுது. வந்த கையோடை மேசையை இழுத்துப் பாக்கோணும் எண்டு நிண்டால் என்ன செய்யிறது. மேசை எங்கை ஓடப்போகுது. ஆறு கால் இருக்குத்தான், எண்டாலும் இண்டுவரைக்கும் ஓடினதில்லை.

தேத்தண்ணிக்குத் தண்ணி வைச்சிட்டன், கொதிக்குது. சீனி இருக்கு, பயப்பிடாதேங்கோ. சமாதானக் கதை தொடங்கினாப் பிறகு சீனி வருகுது, சவுக்காரம் வருகுது, இப்ப நீங்களும் வந்திட்டியள். இல்லை இல்லை, குத்திக் கதைக்கேல்லை. என்ரை வாய் அப்பிடி. உங்கடை ஐயாவும் சொல்லுவார், லூர்த்தம்மா, உன்ரை வாய்க்கு ஒரு கொளுக்கி போடோணும் எண்டு.

எல்லாம் எனக்குத் தெரியும் பிள்ளை. முன்வீட்டுக் கனகாம்பிகை உங்களுக்குக் கடிதம் எழுதினது, நீங்கள் வாற வழியிலை அவவின்ரை படலையிலை நிண்டு கதைச்சது, எல்லாம் உந்த யன்னலாலை பாத்தனான். யசிந்தா, உன்ரை வீட்டிலை இருக்கிற கடற்கரைச் சனம் கதவையும் தளபாடத்தையும் கொத்தி அடுப்பு எரிக்குதுகள், கொம்மாவின்ரை மேசையும் எரிஞ்சு போச்சுது எண்டு எழுதினவவாம். நீங்களும் வாசல்லை செருப்பைக் கழட்ட முதல் சொல்லிப்போட்டியள், மேசை முழுசா இருந்தால் நாங்கள் இருக்கலாம், ஒரு பலகை குறைஞ்சாலும் இந்தக் கிழமைக்குள்ளை திறப்பைத் தந்திட்டு வெளிக்கிடோணும் எண்டு. சரி. உங்கடை வீடு, உங்கடை சொல். குருநகரிலை எங்கடை வீட்டுக்கு இப்ப கூரை இல்லை, ரெண்டு சுவர்தான் மிச்சம், அதுக்குள்ளை ஆரோ ஆடு கட்டியிருக்கினமாம். போறதெண்டால் முதல்லை ஆட்டிட்டைத்தான் கேக்கோணும். நான் சொல்லுறதை ஒருக்காக் கேட்டிட்டு மேசையை இழுங்கோ. தேத்தண்ணி குடிச்சு முடியிற நேரம் தந்தால் காணும்.

என்ன மூக்கைச் சுளிக்கிறியள்? மணமோ? ஓம், மேசைதான். வெய்யில் ஏற ஏறக் கொஞ்சம் வரும். நாலு வருசத்துக்கு முந்தி வந்திருந்தியள் எண்டால் படலையடியிலையே மயங்கி விழுந்திருப்பியள். அதைச் சொல்லத்தானே போறன்.

நாங்கள் இஞ்சை அச்சுவேலிக்கு வந்தது தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாசம். கோட்டைப் பக்கம் சண்டை தொடங்கி, குருநகர் முழுக்க வெளிக்கிட்ட நேரம். நானும் கிறகோரியும் மகள் அற்புதராணியும், ஒரு சைக்கிள், ரெண்டு பானை, உந்த அந்தோனியார். கோயில்லை வைச்சு சுவாமியார்தான் உங்கடை ஐயாவைக் கேட்டவர், மாஸ்டர், தனிய இருக்கிறியள், இவையளைப் பின்பக்கம் இருக்க விடுங்கோவன் எண்டு. ஐயா எங்களை மேலும் கீழும் பாத்தார். பிறகு, சமைக்கத் தெரியுமோ எண்டு கேட்டார். ஓம் எண்டன். அவ்வளவுதான் நேர்முகப் பரீட்சை.

அப்ப உந்த மேசை உங்கடை அறை வாசலுக்குப் பக்கத்திலை, சுவரோடை. உங்களுக்குத் தெரியாததே, ரெண்டு பக்கமும் செட்டை மாதிரி மடக்குப் பலகை. ரெண்டையும் தொங்க விட்டால் நடுவிலை ரெண்டு சாண் அகலப் பலகைதான், சுவரோடை ஒட்டிக்கொண்டு ஒரு மூச்சும் காட்டாமல் நிக்கும். அடியிலை கிடக்கிற காலைப் படலை திறக்கிற மாதிரி வெளியாலை இழுத்து, செட்டையைத் தூக்கி அதுக்கு மேலை வைச்சால் மேசை. ரெண்டு பக்கமும் விரிச்சால் எட்டுப் பேர் இருக்கலாம். ஒல்லாந்தன் காலத்துச் சாமான், முதிரை, பூச்சி கடிச்சால் பல்லுப் போயிடும், உன்ரை வயசை விட இதின்ரை பிணைச்சலுக்கு வயசு கூட எண்டு ஐயா எனக்கு முதல் நாளே பாடம் எடுத்தவர். நான் பாத்தன், எனக்கு அது கால் கூடின பெட்டியாத்தான் தெரிஞ்சுது. வாய்விட்டுச் சொன்னன் எண்டு வையுங்கோவன். அதுக்கு மனிசன் என்னோடை ரெண்டு நாள் கதைக்கேல்லை.

ஐயா ஒரு செட்டைதான் விரிக்கிறவர். றோட்டுப் பக்கச் செட்டை. அதிலை அவர் தனிய இருந்து சாப்பிடுவார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பழைய பேப்பர் வாசிப்பார், மருந்துக் குளிசையை எண்ணிப் பிரிப்பார். மற்றச் செட்டை தொங்கினபடி. நான் குசினியிலை சமைச்சுக் கொண்டுவந்து வைச்சிட்டுத் திரும்பிப் போகோணும். நாங்கள் குசினி நிலத்திலை இருந்து சாப்பிடுவம். அவர் எங்களை ஏசேல்லை, துரத்தேல்லை. அந்தச் செட்டையை விரிக்கேல்லை, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை கோயில்லை அவருக்குக் குடுக்கிற அதே அப்பம்தான் எங்கடை நாக்கிலையும் வைக்கிறவை. வீட்டை வந்தால் அவருக்கு மேசை, எங்களுக்கு நிலம். எனக்குப் பத்திக்கொண்டு வரும் பிள்ளை, பொய் சொல்லேல்லை. கிறகோரிக்கு அது கூட இல்லை. இருக்க இடம் தந்த மனிசன், விடு எண்டு சொல்லும். அந்தாளுக்குக் கோபம் வாறதெண்டால் முதல்லை விண்ணப்பம் குடுக்கோணும்.

வெறுப்பிலை நானும் சும்மா இருக்கேல்லை. ஐயா பூசைக்குப் போன நேரம் மேசையை விரிச்சுப்போட்டு அற்புதராணிக்குச் சட்டை வெட்டுவன். சிரட்டைக் கரி போட்டு இஸ்திரிக்கை பிடிப்பன். ஒருநாள் மழை வரப்போகுதெண்டு முற்றத்திலை காஞ்ச கருவாட்டை அள்ளிக்கொண்டு வந்து அதிலை பரப்பிப்போட்டன். வந்து பாத்தார். மூக்குத் துடைக்கிற தன்ரை லேஞ்சியை எடுத்து, ஒவ்வொரு கருவாடா வாலிலை பிடிச்சுத் தூக்கி, சுளகிலை போட்டார். முப்பத்திநாலு கருவாடு. எனக்கு அண்டைக்கு வெக்கமாப் போச்சு, எண்டாலும் சிரிப்பை அடக்க ஏலேல்லை.

உதுக்கு என்ன அவசரம்? தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறப்போகுது. மணத்துக்கு வாறன் எண்டெல்லே சொன்னனான்.

அந்த மார்கழி, பாலன் பிறந்த நத்தாருக்குக் கிறகோரிக்கு ஒரு யோசினை. மாஸ்டர் இருக்க இடம் தந்தவர், நத்தாருக்குக் குடுக்க எங்களிட்டை ஒண்டும் இல்லை, மேசை வெளிறிப்போய்க் கிடக்குது, அதை மினுக்கிக் குடுப்பம் எண்டார். நானும் நல்லதுதானே எண்டன். இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு பருத்தித்துறைக்குப் போய், தெரிஞ்ச ஆளிட்டை ஒரு போத்தல் வாங்கிக்கொண்டு வந்தார். என்ன போத்தல் எண்டு நினைக்கிறியள்? சுறா எண்ணெய். எங்கடை சனம் வள்ளத்துக்குப் பூசுறது. உப்பு, வெய்யில், பூச்சி ஒண்டும் அண்டாது, மரம் நூறு வருசம் கிடக்கும். கடல்லை கிடக்கிற வள்ளத்துக்கு அது சரி பிள்ளை. அறைக்குள்ளை கிடக்கிற மேசைக்கு? இவருக்கு மரமெண்டால் வள்ளம்தான், வேறை மரம் தெரியாது. ஐயா நத்தார்ப் பூசைக்குப் போன நேரம் பாத்து மேலை, கீழை, செட்டை, கால், பிணைச்சல், லாச்சி எண்டு ஒரு இடம் விடாமல் மூண்டு பூச்சு. கடைசிச் சொட்டு வரைக்கும் பூசிப்போட்டுத் தன்ரை கைவேலையைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு நிண்டார். மினுக்கம் எண்டால் மினுக்கம்தான், அதைச் சொல்லத்தான் வேணும். முகம் தெரியும்.

ஐயா வந்தார். வாசல்லை நிண்டார். உள்ளை வரேல்லை. அச்சுவேலிப் பூனை முழுக்க எங்கடை மதில்லை. கனகாம்பிகை வீட்டு நாய் வந்து மேசைக் காலை நக்கத் தொடங்கிச்சுது. ஐயா லேஞ்சியை மூக்கிலை வைச்சபடி ஒரே ஒரு சொல்தான் கேட்டார், ஆர்? கிறகோரி கையைத் தூக்கினார், பள்ளிக்கூடத்துப் பெடியன் போலை. ஐயா எங்களை முதல்தரமா ஏசினது அண்டைக்குத்தான். இங்கிலீசிலை பேசினவர். எங்களுக்கு விளங்கேல்லை, அது ஆண்டவர் செய்த உபகாரம்.

கழுவிப் பாத்தம், சாம்பல் போட்டுத் தேய்ச்சம், தேசிக்காய் உரஞ்சினம். அது மரத்துக்குள்ளை இறங்கிப்போட்டுது, வராது. அந்த மேசையிலை ஐயாவாலை ஒரு வாய்ச் சோறு இறக்க முடியேல்லை. மூண்டு நாள் கட்டில்லை இருந்து சாப்பிட்டார். அவர் சொதியைக் கவிட்டுப்போட, மெத்தையைக் கழுவினது நான். நாலாம் நாள் மத்தியானம் சோத்துக் கோப்பையைக் கையிலை பிடிச்சுக்கொண்டு குசினி வாசலுக்கு வந்தார். லூர்த்தம்மா, இஞ்சாலை காத்து வருகுது போலை எண்டார். காத்து எங்கையிருந்து வாறது, அடுப்பு எரியிற குசினிக்குள்ளை? நான் வாயைத் திறக்கேல்லை, பாத்தியளே, என்ரை ஆயுளிலை அப்பிடி ஒருக்காத்தான். ஒரு பலகைக்கட்டையைத் தள்ளிக் குடுத்தன். மனிசன் முழங்காலைப் பிடிச்சுப் பிடிச்சு, மாட்டு வண்டில் திருப்பிற மாதிரித் திரும்பித் திரும்பி இருந்தார். அண்டைக்கு நண்டுக் குழம்பு. ஐயாவுக்கு நண்டு சாப்பிடத் தெரியாது பிள்ளை, உங்களுக்கு அது தெரியுமோ? கோதோடை கடிக்கப் பாத்தார். கிறகோரி கையை நீட்டி, நண்டை வாங்கி, காலை உடைச்சு, சதையை எடுத்து அவரின்ரை கோப்பையிலை வைச்சார். ஐயா அதைப் பாத்தார். எங்கடை கை பட்டதை. நான் அடுப்புப் பக்கம் திரும்பிட்டன், பாக்கப் பயம். திரும்பி வந்து பாத்தால் கோப்பையிலை நண்டு இல்லை. இன்னொண்டு எண்டு கேட்டார்.

அப்பிடியே நாப்பது நாளுக்கு மேலை. தவசு காலம் மாதிரி. ஒவ்வொரு நாளும் குசினிக்குள்ளை எங்களோடைதான் சாப்பாடு. கிறகோரியோடை மீன் பேரிலை சண்டை பிடிப்பார். அற்புதராணிக்குச் சோறு பிசைஞ்சபடியே வாய்ப்பாடு கேப்பார், பிழை விட்டால் அப்பளத்தைப் பறிச்சுப்போடுவார்.

பிறகு மணம் மெல்ல மெல்லக் குறைஞ்சுது. எனக்கு மனசுக்குள்ளை பாரம். மனிசன் இனித் தன்ரை பக்கம் போயிடுவார், நாங்கள் எங்கடை பக்கம். பெருசா ஒரு கவலை எண்டு சொல்லவும் வெக்கம். ஒருநாள் மத்தியானம் ஹோலுக்குள்ளை கரகரவெண்டு சத்தம். ஓடிப் போய்ப் பாத்தால் ஐயா தனிய மேசையைச் சுவரிலை இருந்து இழுத்து நடுவுக்குக் கொண்டுவந்து, மூச்சு வாங்கிக்கொண்டு நிக்கிறார். றோட்டுப் பக்கச் செட்டை விரிஞ்சிருக்கு. சுவர்ப் பக்கக் காலையும் வெளியாலை இழுத்து, மற்றச் செட்டையையும் தூக்கி வைக்கிறார். நாங்கள் வந்த நாளிலை இருந்து அவர் அதை விரிச்சு நான் பாக்கேல்லை. முழங்கால் நோகுது, நிலத்திலை இருக்க ஏலாது, எல்லாரும் இஞ்சை வாங்கோ எண்டார். நாங்கள் நிண்டம். கிறகோரி கை கழுவப் போனார், வந்தார், திரும்பக் கழுவப் போனார். ஐயாவுக்கு எரிச்சல் வந்திட்டுது. கிறகோரி, அது உன்ரை பக்கம், மணக்கப் பண்ணினவன் நீதானே, நீயே இரு எண்டார்.

அண்டையிலை இருந்து அது எங்கடை பக்கம். ஐயா ஒரு பக்கம், நாங்கள் மூண்டு பேர் மற்றப் பக்கம், நடுவிலை லாச்சி. லாச்சிக்குள்ளை அவரின்ரை செபமாலையும் நீரிழிவுக் குளிசையும், அற்புதராணியின்ரை ரிபனும், கிறகோரியின்ரை பீடியும். பீடியை ஐயா களவெடுத்துக் குடிக்கிறவர். ஓம், உங்கடை ஐயாதான். எழுபத்தாறு வயசிலை.

உங்களுக்கு அந்த மேசையாலை நாங்கள் என்னென்ன செய்தம் எண்டு தெரிஞ்சால் கோவிக்கவும் மாட்டியள், சிரிக்கவும் மாட்டியள். சாப்பிடுறதும் படிக்கிறதும் விடுங்கோ. என்ரை தங்கச்சி குடும்பமும் இடம்பெயர்ந்து வந்த நேரம் இந்த ஹோலுக்குள்ளை பதினொரு பேர். மேசையை மடக்கிச் சுவரோடை தள்ளினால்தான் பாய் விரிக்கலாம், விடிஞ்சாப் பாயைச் சுருட்டிப்போட்டு மேசையை விரிக்கலாம். உங்கடை வெள்ளவத்தை வீடும் சின்னன் எண்டுதானே உதைக் கேக்கிறியள், விளங்குது. கோயில் கூரை உடைஞ்ச நேரம் சுவாமியார் முற்றத்திலை உதிலைதான் பூசை வைச்சவர். செட்டைக்குக் கீழை மேசைக் காலைச் சரியா இழுத்து விடேல்லை, செட்டை ஆடுது. அப்பத்தையும் இரசத்தையும் தூக்கிக் காட்டுற எழுந்தேற்ற நேரம் எல்லாரும் தலையைக் குனிஞ்சு நிக்க, ஐயா எழும்பிப் போய்ப் பீடத்துக்குக் கீழை குனிஞ்சு காலை இழுத்துப்போட்டு வந்து முழந்தாளிட்டார். சுவாமியார் கையிலை இரசப் பாத்திரத்தோடை பாத்துக்கொண்டு நிண்டவர்.

குண்டு போடுற பொம்பர் வந்தால் முற்றத்திலை வெட்டின பங்கர்க் குழிக்குள்ளை ஓடோணும். மாரியிலை பங்கருக்குள்ளை இடுப்பளவு தண்ணி, தவளை. ஐயா போகமாட்டார். முதிரைக்குக் கீழை இருந்தால் ஒண்டும் செய்யாது, ஒல்லாந்தன் செய்தது எண்டு மேசைக்குக் கீழை பூருவார். அவரை விட்டிட்டு நாங்கள் ஓடுறதே? நாங்களும் பூருவம். நாலு பேருக்கு அது காணாது, ஐயாவின்ரை ரெண்டு காலும் வெளியிலைதான் கிடக்கும். கால் போனால் போகட்டும், தலையிலைதான் இங்கிலீசு இருக்கு எண்டுவார். குண்டு விழுந்து நிலம் அதிர, நாங்கள் மேசைக்குக் கீழை கிடந்து சிரிச்சிருக்கிறம் பிள்ளை. விசர்ச் சனம் எண்டுதான் சொல்லோணும்.

உங்கடை கடிதம் வரும். செஞ்சிலுவைக்காரரிட்டையோ, கிளாலியாலை வாற ஆக்களிட்டையோ குடுத்து விடுவியள். ஐயா சத்தமா வாசிப்பார். அப்பா சுகமோ, மேசை கவனம். அடுத்த கடிதம், மேசை கவனம், அப்பா சுகமோ. உங்களைக் குறை சொல்லேல்லை, அம்மா கொண்டுவந்த சீதனம், அவவும் எண்பத்தஞ்சிலை கண்ணை மூடிட்டா, அவவின்ரை எண்டு சொல்ல உங்களுக்கு உது ஒண்டுதான். ஆனால் ஐயா பகிடி பண்ணுவார். மேசைக்கும் எனக்கும் ஆர் முந்திப் போறது எண்டு போட்டி, மகள் மேசையிலைதான் பந்தயம் கட்டியிருக்கிறாள் எண்டுவார். சிரிச்சுப்போட்டுக் கடிதத்தை மடிச்சு லாச்சிக்குள்ளை வைப்பார். எல்லாம் உள்ளைதான் கிடக்குது, ஒண்டும் எறியேல்லை.

அவர் போனது தொண்ணூற்றிரண்டு கார்த்திகை. அது உங்களுக்கு எழுதினனான். எழுதாதது கொஞ்சம் இருக்கு. காலமை தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு, தன்ரை பக்கத்திலை இருந்தவர். நான் குசினியிலை நிண்டு ஏதோ அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறன், மறுமொழி இல்லை. என்ரை வாயை அடக்க ஒருத்தரும் இல்லாதது எனக்கு அதிசயமாக் கிடந்துது. வந்து பாக்கிறன், தலையை மேசையிலை வைச்சபடி. நித்திரை எண்டு நினைச்சு, கோப்பையை எடுத்துத் தள்ளி வைச்சன், சட்டையிலை ஊத்துப்படும் எண்டு. கை பட்டுது. குளிர். நான் குளறின குளறல் கனகாம்பிகை வீட்டுக்குக் கேட்டிருக்கும், வேணுமெண்டால் கேட்டுப் பாருங்கோ. என்ரை தேப்பன் செத்ததுக்கு நான் அப்பிடி அழேல்லை பிள்ளை. உண்மையைத்தான் சொல்லுறன்.

உங்களுக்குப் பாதை பூட்டு. அறிவிக்கவே பத்து நாள் போச்சுது. அடுத்த நாள் அடக்கம். கிறகோரி மழையிலை ரவுணுக்குப் போனார் பெட்டி எடுக்க. பெட்டி இல்லை. முதல் நாள்தான் பொம்பர் அடிச்சது, இருந்த பெட்டி முழுக்க முடிஞ்சு போச்சுது. பலகை தாங்கோ நானே அடிக்கிறன் எண்டு கேட்டவர். பலகை எங்கை? வன்னியிலை இருந்து மரம் வாறதில்லை, இருந்த பனையெல்லாம் பங்கருக்குத் தறிச்சாச்சு. சின்னப் பிள்ளையளுக்கே இல்லை எண்டு கடைக்காரன் கையை விரிச்சிட்டான். சுவாமியார் வந்து, லூர்த்தம்மா, பாயிலை சுத்துவம், இப்ப எல்லாருக்கும் அப்பிடித்தான், ஆண்டவர் பலகையைப் பாக்கிறேல்லை எண்டார். நான் சொன்னன், சுவாமி, ஆண்டவர் பாக்கமாட்டார், மாஸ்டர் பாப்பார். மேல் சட்டை போடாமல் முற்றத்துக்கு இறங்காத மனிசன் பிள்ளை. பாயிலை சுத்திக் கொண்டுபோனால் அங்கை போயும் எங்களை இங்கிலீசிலை பேசுவார்.

குசினிக் கதவைக் கழட்டினது நாங்கள்தான். ஓம். கனகாம்பிகை பாத்தது உண்மை. அடுப்புக்கில்லை. அந்தக் கதவுதான் ஐயாவின்ரை பெட்டிக்கு அடியும் நாலு பக்கமும். அதாலைதான் குசினிக்கு இப்ப சாக்குத் தொங்குது. கிறகோரிக்குப் பெட்டி அடிச்சுப் பழக்கம் இல்லை, வள்ளம் அடிச்சுத்தான் பழக்கம். பலகையைப் பொருத்திப்போட்டு, இடுக்கெல்லாம் பஞ்சும் குங்கிலியமும் வைச்சு அடைச்சிட்டார், ஒரு சொட்டுத் தண்ணி பூராது. கால்மாட்டை ஒடுக்கி வள்ளத்தின்ரை முன் அணியம் மாதிரி வைச்சிட்டார். சுவாமியார் அதைச் சுத்தி வந்து பாத்திட்டு, கிறகோரி, மாஸ்டரை மண்ணிலை தாக்கப் போறியோ, கடல்லை இறக்கப் போறியோ எண்டு கேட்டவர். அந்தச் செத்த வீட்டிலையும் நாங்கள் சிரிச்சம். அழுதுகொண்டு சிரிச்சம்.

என்ன பிள்ளை? ஓம், முதிரைப் பெட்டி எண்டுதான் எழுதினனான். நீங்களும் பதில் போட்டனீங்கள், கொழும்பிலை எல்லாருக்கும் சொன்னனான், அப்பாவை முதிரைப் பெட்டியிலை வைச்சு அடக்கம் பண்ணினவை எண்டு, மனசுக்கு ஆறுதலாக் கிடக்கு எண்டு. அந்தக் கடிதத்தை எத்தினை தரம் வாசிச்சிருப்பன். பொய் எழுதேல்லை பிள்ளை. குசினிக் கதவு வேப்பமரம். ஆக்கள் பாக்கிறது மூடியை. மூடி முதிரைதான். ஊருக்குள்ளை ஒரு துண்டுப் பலகை இல்லாத நேரம் முதிரை எங்காலை வந்தது எண்டு மட்டும் நீங்கள் கேக்கேல்லை.

சரி, எழும்புங்கோ. அந்தோனியாரை நான் தூக்கிறன். இனி இழுங்கோ மேசையை. சுவர்ப் பக்கம் செட்டை இல்லை. பிணைச்சல் மட்டும் கிடக்கு, ஆணி கழட்டின ஓட்டையும் கிடக்கு. ஒரு பலகை குறையுது, நீங்கள் வாசல்லை சொன்னது சொன்னதுதான், நீங்கள் வாறது தெரிஞ்ச உடனையே நாங்கள் சாமான் கட்டி வைச்சிட்டம், திறப்பு அந்தா யன்னல் ஆணியிலை தொங்குது. மேசையைக் கொண்டு போங்கோ. உங்களுக்கு மிஞ்சிக் கிடக்கிறது ஐயாவின்ரை பக்கம். அவர் தேத்தண்ணிக் கோப்பை வைச்ச வட்டம் கூட அழியேல்லை, நான் அதைத் தேய்க்க விட்டதில்லை.

அழாதேங்கோ பிள்ளை. அண்டைக்குக் கிறகோரி கையிலை சுத்தியலை வைச்சுக்கொண்டு ரெண்டு செட்டையையும் மாறி மாறிப் பாத்தபடி கனநேரம் நிண்டவர். மாஸ்டரின்ரை பக்கத்திலை கை வைக்க அவருக்கு மனம் வரேல்லை. எங்கடையைக் கழட்டுவம் லூர்த்து, எங்களுக்கு நிலத்திலை இருந்து பழக்கம்தானே எண்டார்.